எழுத்தறிவும் வாசிகசாலையும்

எழுத்தைக் கண்ணுக்கு ஒப்பிட்டுக் கூறுதல் தமிழ் மக்களின் நெடுங்கால வழக்கு. கல்வியின் சிறப்பை உணர்த்துதற்கு இதனினும் தகுந்த உவமை கிடைத்தல் அரிது. ஆயினும், இளமையிற் பள்ளி செல்லும் வாய்ப்பை இழந்து, நாற்பதிலும் ஐம்பதிலும் எழுத்துக் கற்க வரும் ஒருவரை நோக்குமிடத்து இவ்வுவமையைச் சற்று எச்சரிக்கையோடு கையாளுதல் வேண்டும். அவர் பார்வையற்றவர் அல்லர். மண்ணின் குணமும் மழையின் குறியும் அறிந்தவர். பெருந்தொகைகளை மனக்கணக்கிலேயே கூட்டியுங் கழித்தும் கொடுக்கல் வாங்கல் செய்பவர். மக்களை வளர்த்து ஆளாக்கியவர். கோயிலிற் கேட்ட புராணக் கதையைப் பிறழாது எடுத்துரைக்க வல்லவர். அவரிடம் இல்லாதது அறிவன்று. அறிவைப் பதிந்து வைப்பதற்கும், பிறர் பதிந்து வைத்ததை அறிவதற்கும் உதவுகின்ற ஒரு கருவியே. முதியோர்க்கு எழுத்தறிவிக்கும் பணியின் வெற்றியும் தோல்வியும் இவ்வேறுபாட்டை உணர்வதிலேயே பெரிதும் தங்கியுள்ளன.

எழுத்தறியாமையால் வரும் இடர் யாது? தபாற்கந்தோரிற் படிவத்தை நிரப்புதற்கும், மருந்துப் போத்தலின் மேல் எழுதியிருப்பதை அறிதற்கும், வந்த கடிதத்தைப் படித்தற்கும் அவர் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். தொலைவிலுள்ள மகன் எழுதிய செய்தியை அயலார் வாய்வழிக் கேட்கும் தாய்க்குத் தன் குடும்பத்தின் அந்தரங்கம் தன்னுடையதாய் இருப்பதில்லை. காணி உறுதியிற் கைநாட்டு இடுபவர், தாம் எதற்கு உடன்பட்டோம் என்பதைப் பிறர் சொல்லியே அறிகின்றார். இவற்றினும் கொடியது நாணம். படிவத்தை நீட்டியவிடத்து, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லி அயலில் நிற்பவரிடம் கொடுப்பவர் பலர். தம் குறையைப் பல ஆண்டுகள் மறைத்து வாழ்ந்த ஒருவர், பலர் கூடிய வகுப்பில் எழுந்து நின்று எழுத்துக் கூட்டிப் படிக்க எங்ஙனம் உடன்படுவார்? ஆகவே, முதியோர் கல்விக்கு ஆசிரியர் ஒருவர், மாணவர் ஒருவர் என்னும் முறை பொருத்தமுடையதாயிற்று.

இம்முறையின் வரலாற்றிற் பிலிப்பைன்ஸ் நாட்டு நிகழ்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. பிராங்க் லோபாக் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1930ஆம் ஆண்டளவில் மிண்டனாவோத் தீவின் லானாவோப் பகுதியில் மரனாவோ மக்களுக்கு எழுத்தறிவித்து வந்தார். பொருளாதார மந்தத்தால் நிதி குன்றி ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுக்க இயலாமற் போகவே, கற்றவர் ஒவ்வொருவரும் கல்லாத ஒருவர்க்குக் கற்பித்தல் வேண்டும் என்னும் ஏற்பாடு அம்மக்களின் தலைவர்களாலேயே வற்புறுத்தப்பட்டது. வறுமையிற் பிறந்த இவ்வேற்பாடு பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று.

செல்வம் மிக்க நாடுகளும் இத்தேவைக்கு விலக்கல்ல. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள சிராக்கியூஸ் நகரில் எழுதப்படிக்கத் தெரியாதோர் 11,000க்கும் மேற்பட்டோர் உளர் என்ற செய்தியை 1961இற் கண்ட ரூத் கொல்வின் என்னும் பெண்மணி, அடுத்த ஆண்டு, 1962இல், தொண்டர்களைப் பயிற்றி ஒருவர்க்கு ஒருவராகக் கற்பிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். லோபாக்கின் வழிவந்த நிறுவனமும் கொல்வினின் நிறுவனமும் 2002இல் ஒன்றாயின. கொல்வின் 2024இல், தமது 107ஆம் வயதில் மறைந்தார். கலிபோர்னியா மாநிலத்தில் 1984 முதற் பொது நூலகங்களே இப்பணியை மேற்கொண்டு, தொண்டரையும் கற்பவரையும் இணைத்து வைத்து, இடமும் நூல்களும் உதவி வருகின்றன.

இனி, நூலகத்தில் இத்தொண்டு நடைபெறும் முறையைக் காண்போம். எழுத்துக் கற்க விரும்பி வருபவரை முதலில் நூலகப் பொறுப்பாளர் தனியே கண்டு உரையாடுவார். சோதனை என்ற சொல்லே அவரை வெருட்டிவிடும். ஆதலின் பேச்சோடு பேச்சாக அவர் அறிந்த எழுத்துக்கள் எவை, அறியாதன எவை என்று கண்டுகொள்வார். அதனினும் முக்கியமான வினா, அவர் எதற்காகக் கற்க விரும்புகின்றார் என்பதாகும். ஒருவர் தம் பெயரை எழுத விரும்பலாம். மற்றொருவர் பேரப்பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்ட விரும்பலாம். இன்னொருவர் வேலைத்தலத்தின் எச்சரிக்கைப் பலகையைப் படிக்க விரும்பலாம். அவ்விருப்பமே பாடத்திட்டமாகும். பின்னர், சில நாட்கள் பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் அவருடன் இணைக்கப்படுவார். இருவரும் வாரத்தில் ஓரிரு முறை, குறித்த நேரத்தில், நூலகத்தின் ஒரு மூலையிற் சந்திப்பர்.

தொடக்கத்திற் கைக்கொள்ளப்படும் சிறந்த முறைகளுள் ஒன்று, கற்பவரின் சொந்த மொழியையே பாடமாக்குதல். அவர் தம் வாழ்விலிருந்து ஒரு சிறு செய்தியைச் சொல்ல, தொண்டர் அதனை அவர் சொன்னவாறே எழுதுவார். அவர் பேசியது கொச்சையெனக் கருதித் திருத்தலாகாது. திருத்தினால் அது தொண்டரின் வாக்கியமாகிவிடும். எழுதியதைத் தொண்டர் விரலாற் சுட்டி வாசிக்க, கற்பவரும் உடன் வாசிப்பார். தாம் சொன்னது யாதென அவர் முன்னரே அறிவாராதலின், ஒலிக்கும் வரிவடிவுக்குமுள்ள தொடர்பு விரைவில் விளங்கும். பின்னர் அவ்வாக்கியத்திலிருந்து சில சொற்களைத் துண்டுத்தாள்களில் எழுதித் தனியே பயில்வர். சொற்களிலிருந்து எழுத்துக்களைப் பிரித்தறிவர். முதல் நாளிலேயே தமது வாய்ச்சொல்லைத் தாமே வாசித்தேன் என்னும் மகிழ்ச்சியோடு அவர் வீடு செல்வார். அம்மகிழ்ச்சியே மறுமுறை அவரை அழைத்துவரும்.

பிரேசில் நாட்டுக் கல்வியறிஞர் பவுலோ பிரெய்ரே இக்கருத்தை மேலும் ஒரு படி கொண்டு சென்றார். அவர் 1963இல் அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள அஞ்சிக்கோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முயன்றது கல்வி வரலாற்றிற் புகழ்பெற்ற நிகழ்ச்சி. கற்பவரின் வாழ்வோடு நெருங்கிய சில சொற்களை ஆய்ந்தெடுத்து, அவை குறிக்கும் பொருளைப் பற்றி முதலில் உரையாடி, பின்னரே அச்சொல்லை அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசையின் இனத்தையும் வரிசைப்படுத்திக் காட்டுவது அவர் முறை. செங்கல்லைக் குறிக்கும் சொல்லை எடுத்தால், செங்கல் அடுக்கிப் பிறர்க்கு வீடு கட்டுபவன் தன் வீட்டை எதனாற் கட்டுகின்றான் என்ற பேச்சும் உடன் எழும். எழுத்தறியாதார்க்கு வாக்குரிமை இல்லாதிருந்த அக்காலப் பிரேசிலில் இப்பேச்சுச் சிறியதன்று. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய படையினர் இத்திட்டத்தை நிறுத்தினர். பிரெய்ரே சிறை சென்று, பின் நாடு நீங்கி வாழ நேர்ந்தது. எழுதப் படிக்கக் கற்பித்தல் வெறும் எழுத்துக் கூட்டுவித்தல் மட்டுமன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தமிழ் நெடுங்கணக்கு இம்முறைக்கு மிகவும் இசைவானது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்கள் என்று சொன்னால் முதியவர் மலைத்துப் போவார். உண்மையில் அவர் அறிய வேண்டுவன உயிரெழுத்துக்களும், பதினெட்டு மெய்களின் அடிப்படை வடிவங்களும், உயிர்க்குறிகளுமே. உகர ஊகாரக் குறிகளே இடத்துக்கிடம் வேறுபட்டு இடர்ப்படுத்துவன. அவற்றைப் பிற்படக் கற்பிக்கலாம். சான்றாகக் காணி என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. காணியைப் பற்றிப் பேசச் செய்தி இல்லாத உழவர் இலர். அச்சொல்லிலுள்ள இரண்டு எழுத்துக்களின் இனத்தைக் கொண்டே கண், காண், கண்ணி, கணி எனச் சொற்கள் பெருகுவதைக் கற்பவர் தாமே கண்டுகொள்வார். எழுதும் வரிசையும் சிந்தித்தற்குரியது. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைக்கு, வளைவும் சுழியும் நிறைந்த அகரம் முதற்பாடமாதல் பெருந் துன்பம். பெரும்பாலும் நேர்கோடுகளால் அமைந்த ட, ப, ம என்பன எளியவை. நெடுங்கணக்கு முறை மரபின் வழிப்பட்டது, மதிக்கத்தக்கது. ஆனால், அதனைக் கற்றலின் தொடக்கமாக அன்றி இடையில் வைத்தல் முதியோர்க்கு நன்மை பயக்கும்.

நிற்க. எழுத்தறிவித்தலினும் அரியது அவ்வெழுத்தறிவு நிலைத்திருக்கச் செய்தல். முயன்று கற்ற முதியவர், படிக்கத் தக்க நூல் இல்லாதவிடத்துச் சில ஆண்டுகளிற் கற்றதை மறந்துவிடுதல் உலகெங்கும் கண்ட உண்மை. விதைத்த பின் நீர் பாய்ச்சாத வயல் போன்றது அது. இங்கேதான் நூலகத்தின் இன்றியமையாமை விளங்குகின்றது. வகுப்பு ஒருநாள் முடியும். நூலகத்தின் கதவு மறுநாளும் திறந்திருக்கும். மேலும், வகுப்புக்குச் செல்பவரை ஊரார் கல்லாதவர் என அறிவர். நூலகத்துக்குச் செல்பவரை அவ்வாறு அறிதற்கில்லை. கற்றாரும் கல்லாதாரும் ஒரே வாயிலால் நுழையும் இடம் அது.

கேரள நாட்டின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பி. என். பணிக்கர் என்னும் ஆசிரியர் 1926இல் தம் ஊராகிய நீலம்பேரூரில் ஒரு நூலகம் தொடங்கினார். 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் சார்பாளர் கூடத் திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கம் உருவாயிற்று. 1956இற் கேரள மாநிலம் அமைந்தபின் அது மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. நூல் வழங்குவதோடு அமையாது எழுத்தறிவிப்பதையும் நூலகங்களின் கடனாக்கிய இச்சங்கத்துக்கு யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருது 1975இற் கிடைத்தது. இவ்வாறு ஊர்தோறும் நூலகம் வேரூன்றிய நிலத்திலேதான், 1989இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் கேரள சாத்திர சாகித்திய பரிஷத்தும் மாவட்ட நிருவாகமும் கூடி முழு எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கின. ஊதியம் பெறாத தொண்டர் ஏறத்தாழ 20,000 பேர் வீட்டுத் திண்ணைகளிலும் மரநிழல்களிலும் கற்பித்தனர். 1990 பெப்ரவரி 4ஆம் நாள் எர்ணாகுளமும், 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கேரள மாநிலமும் முழு எழுத்தறிவு பெற்றனவாக அறிவிக்கப்பட்டன. மாநிலத்துக்கான அறிவிப்பைக் கோழிக்கோட்டிற் செய்தவர் அமைச்சர் எவருமல்லர். முதுமையில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்னும் மூதாட்டியே. தமிழ்நாட்டிற் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்திற் பெண்கள் எழுத்தோடு துவிச்சக்கர வண்டி ஓட்டவும் பழகினர். எழுத்து, வாழ்வின் பிற விடுதலைகளோடு கூடியே வரும் என்பதை அவ்விருவகைப் பயிற்சியும் உணர்த்திற்று.

இத்தொண்டில் இடர்ப்பாடுகளும் உள. அறுவடைக் காலத்திலும் நோய்க் காலத்திலும் கற்பவர் வருதல் தவறும். தொண்டர் அதனை அக்கறையின்மை எனக் கொள்ளலாகாது. வெள்ளெழுத்தால் துன்புறும் ஒருவர், கண்ணாடி இல்லாமையால் மட்டுமே தாம் மந்த புத்தியினர் என்று எண்ணியிருத்தலும் உண்டு. எனவே முதற் பாடத்துக்கு முன்னர்க் கண்ணைச் சோதிப்பித்தல் நன்று. சிறுவர்க்குரிய படப்புத்தகத்தை முதியவர் முன் வைத்தலும், பிழைவிட்டவிடத்துச் சிரித்தலும், அவர் பெயரைச் சொல்லி ஒருமையில் அழைத்தலும் ஒரே நாளில் அவரை இழக்கச் செய்யும். ஐயா என்றும் அம்மா என்றும் அழைக்கும் இளைஞரே நல்ல தொண்டராவர். அன்றியும், சில மாதம் ஆர்வத்தோடு வந்து பின் காரணம் கூறாது நின்றுவிடும் தொண்டர் செய்யும் தீங்கு பெரிது. கைவிடப்பட்டதாகக் கருதும் முதியவர் மறுமுறை எவரையும் நம்பி வருதல் அரிது. ஆகவே, குறைந்த காலமேயாயினும் சொன்ன காலம் முழுதும் நிற்க வல்லவரே இதனை மேற்கொள்ளல் வேண்டும்.

ஈழநாட்டிலே 1945 முதல் நிலவும் இலவசக் கல்வியால் எழுத்தறியாதார் தொகை மிகக் குறைந்துள்ளது. எனினும், மலையகத் தோட்டங்களில் இளமையிலேயே வேலைக்குச் சென்ற முதியோரும், போர்க்காலத்தில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து பள்ளிப் படிப்பை இழந்தோரும் நம்மிடையே உளர். தொகை குறைந்தவிடத்து அவர்தம் நாணம் குறைவதில்லை. எல்லாரும் கற்றிருக்கும் ஊரிற் கல்லாத ஒருவரின் தனிமை மிகவும் பெரிது. அவர்களுக்கு உதவும் கருவிகள் புதியனவாகத் தேடப்பட வேண்டியவை அல்ல. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்கள் பலவற்றிற் சனசமூக நிலையத்தோடு ஒட்டி வாசிகசாலை உண்டு. அங்கே காலையிற் பத்திரிகை வாசிப்போர் கூடுவர். மாலையில் மேசையும் வாங்கும் வெறுமையாய்க் கிடப்பதும் உண்டு. ஒருவர் வாசிக்க, ஒருவர் பொருள் சொல்ல, எழுத்தறியாதாரும் கேட்டு மகிழும் புராணபடன மரபும் நம்முடையதே. கேட்டுப் பழகிய அக்கதையையே பெரிய எழுத்தில் முன்வைத்தால், அடுத்து வரும் சொல் யாதென முன்னரே அறிந்த முதியவர்க்கு வாசிப்பு எத்துணை எளிதாகும்!

உயர்தர வகுப்பு மாணவர் இருவரும், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும், வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதும் இருப்பின் ஒரு வாசிகசாலையில் இப்பணி தொடங்கலாம். பெரும் பணமோ ஆரவாரமான தொடக்க விழாவோ வேண்டியதில்லை. விழா, நாணமுடையாரை விலக்கவும் கூடும். கற்றுத் தேறியோர் தொகையைக் கொண்டு மட்டும் இதன் பயனை அளத்தலும் பொருந்தாது. தம் காணி உறுதியைத் தாமே முற்ற வாசித்து, ஐயமுற்ற இடத்திற் கேள்வி கேட்டு, அதன்பின் தம் பெயரை எழுதி ஒப்பமிடும் ஒருவர் ஓர் ஊரில் உருவாவாராயின், அவ்வூரின் வாசிகசாலை தன் கடனைச் செய்ததாகும்.