மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா?

மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், நான்கில் ஒன்றுதான் என்று சொல்லும் பிள்ளைகள் பலர் இருப்பார்கள். நான்கு, மூன்றைவிடப் பெரியதாயிற்றே! அங்கே நிற்கும் பி.எட். பயிற்சி ஆசிரியர் விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகளை மடிக்கச் சொல்லி, பங்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் விடலாம். முதல் வழியில் போகிறவருக்குத் தொழில் ஈடுபாடு இல்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் எழுதியதுபோல, ஆசிரியராக வருகிறவர் தம் பள்ளிப்பருவம் முழுக்க ஆசிரியர்களைப் பார்த்துப் பார்த்தே இந்தத் தொழிலைப் பழகியிருக்கிறார். ஆனால் ஆசிரியர் செய்ததுதான் அவர் கண்ணில் பட்டது. ஏன் அப்படிச் செய்தார் என்பது படவில்லை. பதற்றத்தில் பழகிய வழிக்கே கை போகிறது.

ஈடுபாடு இருந்தால் நல்ல முறை தானே வரும் என்பது பாதி உண்மைதான். ஒரு முறையைத் தானே தேர்ந்து, அது எடுபட்டதையோ படாததையோ பிள்ளைகளின் நோட்டில் பார்த்தவருக்குத்தான் ஈடுபாடு வேர்விடுகிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, 20 வாரப் பள்ளிப் பயிற்சியையும் வைத்தன. அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். ஒரு வகுப்போடு பழக இது தாராளம். அந்த வாரங்கள் ரெக்கார்டு எழுதவும் சார்ட் ஒட்டவும் கரைந்தால் என்ன பயன்?

பாடத்தை முடிக்க வேண்டுமே, நாற்பது பேரை வைத்துக்கொண்டு செயல்பாடுகளுக்கு நேரம் ஏது என்று வழிகாட்டி ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. எல்லாப் பாடத்துக்கும் செயல்பாடு தேவையில்லை. நல்ல கேள்விகளோடு வரும் விளக்கமும் சிறந்த முறையே. காரணம் தெரிந்து தேர்ந்ததாக இருந்தால் போதும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலையே பாருங்கள்: பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் செய்து முன்னேற வேண்டிய அட்டைகள் எல்லோருக்கும் பொதுவாகவே வந்தன. எந்தக் குழந்தை எந்த அட்டையில் ஏன் தேங்குகிறது என்று கண்டுபிடிப்பது ஆசிரியரிடம்தான் இருந்தது. அந்தத் திறனுக்குப் பயிற்சிக் காலத்திலேயே மதிப்பெண் வேண்டும். எடுபடாத ஒரு பாடத்தை அதே வகுப்பில் மறுபடி நடத்தவிட்டு, எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று மேற்பார்வைக்கு வரும் பேராசிரியர் கேட்கட்டும்.