கைத்தொலைபேசியின்மை அச்சம்: ஒரு சமூகவியல் நோக்கு

மனிதன் தான் ஆக்கிய கருவிகளைச் சார்ந்து வாழ்வது புதிய நிகழ்வன்று. கலப்பையின்றி உழவனும் வலையின்றி மீனவனும் தொழில் செய்தல் இயலாது. ஆயினும், கலப்பையைக் கொட்டிலிற் சாத்திவிட்டு உறங்கச் சென்ற உழவன் நள்ளிரவில் விழித்தெழுந்து அதனைத் தடவிப் பார்த்ததாக நாம் அறியோம். திறன்பேசியின் நிலை வேறு. அது கையில் இல்லாதபோதும், அதன் மின்கலம் வற்றும்போதும், வலையமைப்பு எட்டாதபோதும் பலரிடத்தே ஒருவகைப் பதற்றம் தோன்றுகின்றது. இப்பதற்றம் 'நோமோபோபியா' என்னும் பெயரால் இன்று சுட்டப்படுகின்றது. தமிழில் இதனைக் கைத்தொலைபேசியின்மை அச்சம் எனலாம். இது தனிமனிதனின் உளக்குறைபாடா, அன்றி அவன் வாழும் சமூக அமைப்பிலிருந்து எழுவதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் இப்பெயரின் வரலாற்றை நோக்குதல் தகும். 2008ஆம் ஆண்டிலே பிரித்தானிய அஞ்சல் நிறுவனமான போஸ்ட் ஒஃபிஸ், யூகவ் என்னும் கருத்தாய்வு நிறுவனத்தைக் கொண்டு 2,163 பேரிடம் ஓர் ஆய்வினை நடத்துவித்தது. கைத்தொலைபேசி தொலைந்தாலோ, அதன் மின்கலமோ முற்பணமோ தீர்ந்தாலோ, வலையமைப்புக் கிட்டாதுபோனாலோ தாம் பதற்றமடைவதாக 53 சதவீதத்தினர் கூறினர். ஆண்களில் இது 58 சதவீதமாகவும் பெண்களில் 47 சதவீதமாகவும் இருந்தது. 'நோ மொபைல் போன் போபியா' என்னும் தொடரைச் சுருக்கி அவ்வேளையில் ஆக்கப்பட்ட சொல்லே நோமோபோபியா. தொலைத்தொடர்புச் சேவைகளையும் விற்றுவந்த ஒரு நிறுவனத்தின் கருத்தாய்வு வழியாகவே இச்சொல் வழக்கிற்கு வந்தது என்பது நினைவிற் கொள்ளற்பாலது. பத்து ஆண்டுகளின் பின்னர், 2018இல், கேம்பிரிட்ஜ் அகராதி நடத்திய வாக்கெடுப்பில் மக்கள் தெரிந்தெடுத்த அவ்வாண்டின் சொல்லாகவும் அது அமைந்தது.

எனினும் மருத்துவ உலகம் இதனை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டதாகக் கூறமுடியாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாவது நோய்வகைப்பாட்டுக் கையேட்டில் இது இடம்பெறவில்லை. 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்வகைப்பாடும், மின்னணு விளையாட்டுக் கோளாற்றினைச் சேர்த்துக்கொண்டதேயன்றி இதனைச் சேர்க்கவில்லை. 'போபியா' என்னும் சொல்லின் பொருத்தமும் ஐயத்திற்குரியது. பாம்புக்கு அஞ்சுபவன் பாம்பை விட்டு விலகுகின்றான். இங்கோ அச்சம் பொருளின் வரவால் எழுவதன்று, அதன் பிரிவால் எழுவது. தாயைப் பிரிந்த குழந்தையின் தவிப்போடு இதனை ஒப்பிடுதல் பொருந்தும்.

பெயர் பொருந்தவில்லை என்பதால் அனுபவம் பொய்யாகிவிடாது. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ரஸ்ஸல் கிளேற்றனும் அவர்தம் சகாக்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. சொற்புதிர்களுக்கு விடை தேடிக்கொண்டிருந்தவர்களின் தொலைபேசிகள் அவர்களிடமிருந்து அகற்றப்பட்டன; அவை ஒலித்தபோது பதிலளிக்க அவர்களால் இயலவில்லை. அவ்வேளை அவர்களின் இதயத்துடிப்பும் குருதியமுக்கமும் உயர்ந்தன. புதிர்விடுக்கும் திறன் குறைந்தது. இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர் 2019இல் 41 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, சிறுவர், இளைஞருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் திறன்பேசிப் பயன்பாடு சிக்கலான நிலையை எட்டியுள்ளதெனக் கண்டனர். அத்தகையோரிடம் மனச்சோர்வும் பதற்றமும் உறக்கக்குறைவும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் இரண்டு நிலைமைகள் ஒருங்கே காணப்படுவதனால் மட்டும் ஒன்று மற்றொன்றின் காரணமென முடிவுசெய்தல் தவறாகும். துயருற்றவரே தொலைபேசியில் தஞ்சமடைதலும் கூடும்.

இவ்வச்சத்தின் உள்ளடக்கம் யாது? 2015இல் யில்டிறிம், கொறெய்யா ஆகிய இரு ஆய்வாளர்கள் 20 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றினை வெளியிட்டனர். அதன்வழி இவ்வச்சம் நான்கு கூறுகளைக் கொண்டது என அவர்கள் காட்டினர்: பிறருடன் பேசமுடியாமை, தொடர்பறுந்த உணர்வு, தகவலைப் பெறமுடியாமை, வசதியை இழத்தல் என்பனவே அவை. இந்நான்கனுள் எதுவும் கண்ணாடியாலும் உலோகத்தாலும் ஆன அச்சிறு பொருளைப் பற்றியதன்று என்பது ஊன்றி நோக்கத்தக்கது. முதலிரண்டும் மனித உறவுகளைப் பற்றியவை; பின்னிரண்டும் சமூகம் தன் உறுப்பினர்க்கு வழங்கும் அறிவையும் சேவையையும் பற்றியவை. மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்வதனைப் பண்டத்தின் மாயத்தன்மை என 1867இல் வெளியான 'மூலதனம்' நூலின் முதற்பாகத்தில் கார்ல் மார்க்ஸ் விளக்கினார். அவர் கூறியது சந்தைப் பண்டங்களைப் பற்றியதாயினும், இங்கும் அதனையொத்த மயக்கமே நிகழ்கின்றது. சகமனிதரை இழந்துவிடுவோமோ என்னும் அச்சம், ஒரு கருவியை இழந்துவிடுவோமோ என்னும் அச்சமாக வேடம் புனைந்து நிற்கின்றது.

இலங்கையின் அண்மைக்கால அனுபவம் இதனைத் தெளிவாக்கும். 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி திறன்பேசிக்குள் புகுந்தது. வீட்டிலிருந்த ஒரேயொரு தொலைபேசியைப் பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய குடும்பங்கள் பல. கிராமப்புறங்களிலும் மலைநாட்டிலும் சமிக்ஞை தேடி மாணவர் குன்றேறினர்; மரமும் ஏறினர். 2022 யூலையில் எரிபொருள் விநியோகத்திற்குக் கியூ.ஆர். குறியீட்டு முறை கொண்டுவரப்பட்டபோது, அதிற் பதிவுசெய்தற்கு இணையமும் தொலைபேசி இலக்கமும் வேண்டியிருந்தன. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைக்கும் தாய்க்குத் தன் குழந்தையின் முகத்தைக் காணும் வழி அத்திரை ஒன்றே. இவர்கள் தொலைபேசி பழுதடையுமோ என அஞ்சினால் அதனை நோயென்பது எங்ஙனம்? தம் நிலைமையைச் சரியாகக் கணித்தவரின் அச்சம் அது. பொதுவாழ்வின் வாயில்கள் ஒவ்வொன்றாக ஒரே கருவிக்குள் அடைக்கப்படும்போது, அதனைத் தவறவிடுதல் வாழ்வையே தவறவிடுதலுக்கு ஒப்பாகிவிடுகின்றது.

ஆயின் அச்சம் முழுவதும் இத்தகைய நியாயமான தேவையிலிருந்து எழுவதெனக் கொள்ளுதலும் பிழையாகும். எவ்வித அலுவலுமின்றி நாளொன்றுக்குப் பலமுறை திரையைத் திறந்து பார்க்கும் பழக்கத்திற்கு வேறு விளக்கம் வேண்டும். உளவியலாளர் ஸ்கின்னரும் பெர்ஸ்ரரும் 1957இல் வெளியிட்ட நூலில், வெகுமதி எப்போது கிடைக்கும் என்பது முன்கூட்டித் தெரியாதபோதே ஒரு செயல் மிக விடாப்பிடியாகத் தொடர்கின்றது எனப் புறாக்களைக் கொண்டு நிறுவினர். சூதாட்டப் பொறியின் கவர்ச்சி இதனடிப்படையிலேயே இயங்குகின்றது. புதிய செய்தி வந்திருக்குமோ, வந்திராதோ என்னும் ஐயமும் அவ்வாறே விரலை மீண்டும் மீண்டும் திரைக்கு இழுக்கின்றது. 2006இல் அசா ரஸ்கின் வடிவமைத்த முடிவுறாப் பக்கமுறை, வாசிப்பவன் நின்று சிந்திக்கும் இடத்தையே நீக்கிவிட்டது. பின்னாளில் அதற்காக அவர் வெளிப்படையாக வருந்தினார். 2009இல் பேஸ்புக் புகுத்திய விருப்பக்குறி, பிறரின் அங்கீகாரத்தை எண்ணிக்கையாக்கியது.

இவற்றின் பின்னால் ஒரு பொருளாதார நியதி உண்டு. தகவல் பெருகும்போது மனிதரின் கவனமே அருமையாகின்றது என்பதனை 1971இலேயே ஹேர்பேர்ட் சைமன் என்னும் அறிஞர் சுட்டிக்காட்டினார். இன்றைய பெரும் இணைய நிறுவனங்கள் பலவற்றின் வருவாய் விளம்பரத்திலேயே தங்கியுள்ளது. பயனாளி திரையின் முன் கழிக்கும் நேரமே அங்கு விற்பனைப் பண்டம். எனவே அவனது ஓய்வின்மை அவர்களுக்கு இலாபம். தொழிற்சாலையில் உழைப்பு நேரத்தை நீட்டிய மூலதனம், இங்கு ஓய்வு நேரத்தையும் தன் களமாக்கிக்கொண்டுள்ளது எனலாம்.

ஆகவே இப்பதற்றத்தில் இரு இழைகள் பின்னியுள்ளன. ஒன்று, சமூகம் தன் பணிகளைக் கருவியிடம் ஒப்படைத்தமையால் எழும் உண்மைத் தேவை. மற்றொன்று, இலாப நோக்கில் வளர்க்கப்பட்ட பழக்கம். இவற்றை வேறுபடுத்தாது, 'மனவுறுதி போதாது' எனத் தனிமனிதனை மட்டும் கடிதல் பழியை வலியோரிடமிருந்து மெலியோர்க்கு மாற்றுவதாகும். தனிமனித முயற்சி பயனற்றதென இதற்குப் பொருளில்லை. தேவையற்ற அறிவித்தல்களை நிறுத்துவதும், உறங்கும் அறைக்கு வெளியே தொலைபேசியை வைப்பதும் இரண்டாம் இழையை ஓரளவு தளர்த்தும். ஆயின் முதலாம் இழையை அவற்றால் தளர்த்தவியலாது.

அதற்குக் கூட்டுச் செயற்பாடு வேண்டும். பிரான்சில் 2017 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, 50 பேருக்குக் குறையாத ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் வேலைநேரத்திற்கு வெளியே தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றித் தொழிலாளருடன் பேச்சுநடத்த வேண்டும் என விதித்தது. தொழிலாளர் ஒருவர் இரவில் தொலைபேசியை நோக்கிப் பதறுவது அவரது நரம்புத் தளர்ச்சியால் மட்டுமன்று, மேலாளரின் அழைப்பாலும் நேர்வது என்பதனைச் சட்டமே ஒப்புக்கொண்டமை இதன் சிறப்பு. எமது சூழலில் இதனினும் அடிப்படையான கோரிக்கை ஒன்றுண்டு. பாடசாலை, வைத்தியசாலை, வங்கி, அரச அலுவலகம் ஆகியவற்றின் சேவைகளைத் திறன்பேசியின்றியும் பெறுதற்குரிய வழி திறந்திருத்தல் வேண்டும். முதியோர்க்கும் வறியோர்க்கும் அது சலுகையன்று, உரிமையாகும்.

கருவியை வெறுப்பது முற்போக்காகாது. கடல்கடந்த தாயையும் சேயையும் இணைக்கும் ஆற்றல் மனித உழைப்பின் அரிய பேறு. அப்பேறு யார் கையில், யார் நலனுக்காக இயங்குகின்றது என்பதே வினா. தொலைபேசியை வீட்டில் மறந்துவிட்டு வந்த ஒருவர், அன்றைய அலுவல்களைத் தடையின்றி முடித்து, எதிர்ப்பட்டவரோடு அமைதியாகப் பேசி மாலையில் வீடு திரும்பக்கூடிய சமூகத்தில் இவ்வச்சத்திற்குப் பெரிதும் இடமிராது. அத்தகைய சமூகத்தை அமைப்பது உளமருத்துவரின் பணி மட்டுமன்று; அது நம் அனைவரதும் பணியாகும்.