புளித்த கூழும் வேட்டைநாய்க் குட்டியின் வயிறும்

கம்பு மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விடுவார்கள். காலையில் காய்ச்சி, ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால், மறுநாள் கரைத்துக் குடிக்கக் கூழ் தயார். கரிசல் காட்டு ஊர்களில் வீட்டாட்கள் குடித்தது போக மிச்சம் கன்னி, சிப்பிப்பாறை இன வேட்டைநாய்களுக்குத்தான். தொட்டியில் ஊற்றிய கையோடு சளப் சளப்பென்று நக்கித் தீர்த்துவிடும்.

முயல் விரட்டப் பிறந்த நாய்க்குக் கூழா? 2013இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு விடை சொன்னார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகளே உண்டு. நாயிடம் 4 முதல் 30 வரை. நம் மிச்சச் சோற்றோடு வளர்ந்த வயிறு அது.

ஆனால் மூன்று, நான்கு வாரத்தில் பால் மறக்கத் தொடங்கும் குட்டிக்கு அந்த நொதி இன்னும் போதிய அளவு சுரக்காது. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போனால் கழிச்சல்தான். புளிக்கும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவின் ஒரு பங்கை முன்கூட்டியே உடைத்துவிடுகின்றன; புளிப்பில் பல கெட்ட கிருமிகளால் பெருக முடிவதில்லை. இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கும் ஃபைடிக் அமிலமும் குறைகிறது. செரிமானத்தில் கொஞ்சம் பானையிலேயே முடிந்துவிடுகிறது.

உயிருள்ள பாக்டீரியா குடலில் குடியேறிக் காக்கும் என்பதை மட்டும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். முதல் புளிப்பில் வளர்ந்தவை காய்ச்சும்போதே செத்துவிடும். தண்ணீரில் ஊறும்போது பிறகு வளர்பவையும் பெரும்பாலும் சில நாளில் மலத்தோடு வெளியேறிவிடும். குடலின் இளஞ்செல்களைத் தாக்கும் பார்வோ வைரஸ் கூழுக்கு அடங்காது, அதற்குத் தடுப்பூசிதான். தாயின் வயிற்றிலேயே தொற்றும் உருண்டைப் புழுவுக்கு இரண்டு வார வயதிலிருந்தே மருந்து கொடுக்க வேண்டும்.

கூழை மட்டும் ஊற்றி வளர்ப்பதும் தப்பு. வளரும் குட்டியின் உணவில், ஈரம் நீக்கிய எடையில், குறைந்தது 22.5 சதவீதம் புரதம் வேண்டும் என்கிறது அமெரிக்கத் தீவன அளவுகோல். கம்பில் 11 சதவீதம் போலத்தான் இருக்கிறது. சுண்ணாம்புச்சத்தும் போதாது. ஓட்டத்துக்கே பெயர்போன இனத்தில் கால் வளைந்த குட்டியைப் பார்ப்பதைவிட வேதனை உண்டா? வேகவைத்த முட்டை, இறைச்சி, மருத்துவர் சொன்ன அளவில் கால்சியம், இவற்றோடு கூழ் கொஞ்சம் போதும்.

இன்னொன்று. நாம் கூழுக்குக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெங்காயம் நறுக்கிப் போட்ட மிச்சக் கூழைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.