பாலும் கெடாது, பணமும் கரையாது: அறையிலேயே தயாரிக்கலாம் காப்பி பால் பொடி!

விடியற்காலை 5 மணி. டோம்பிவிலியில் ஒரு சின்ன அறை. முந்தின இரவு இறக்கி வைத்த டிகாக்‌ஷன் பில்டரின் அடியில் கருகருவென்று நிற்கிறது. அடுப்பில் பால் கொதிக்கிறது. திடீரென்று பாத்திரத்தில் பால் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். திரிந்துவிட்டது!

நேற்று வாங்கிய பால். வீட்டில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. மே மாதப் புழுக்கத்தில் இரவு முழுவதும் தாங்குமா? பாலைக் கொட்டிவிட்டு, ரெயிலுக்கு ஓடுகிறார் அறைவாசி. ஸ்டேஷன் வாசலில் ஒரு 'கட்டிங் சாய்'. காப்பிக்குப் பிறந்தவருக்கு அதுதான் அன்றைய காலை!

மும்பையில் தனியாகவோ, இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ தங்கி வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு இது பழகிப்போன கதை. காப்பித்தூள் ஊரிலிருந்து வந்துவிடும். பில்டர் பெட்டியோடு வந்துவிடும். பால்தான் தகராறு செய்யும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. காப்பிக்கு வேண்டிய பால் பொடியை அவரவர் அறையிலேயே கலந்து வைத்துக்கொள்வதுதான் அது.

காசு எங்கே போகிறது?

பால் பவுடர் மலிவானது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 125 கிராம் பவுடர் வேண்டும். அப்படியானால் ஒரு கிலோ பவுடர் 8 லிட்டர் பாலுக்குச் சமம். கடையில் ஒரு கிலோ பவுடரின் விலையையும், 8 லிட்டர் பாலின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், பவுடரால் பெரிய லாபம் இல்லை என்பது தெரியும். சில சமயம் பவுடரே கூடுதலாக இருக்கும்.

பிறகு எதில் மிச்சம்? கொட்டுகிற பாலில்தான் மிச்சம்!

தனியாக இருக்கும் ஒரு எழுத்தர், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு டம்ளர் காப்பி குடிப்பதாக வைத்துக்கொள்ளலாம். டம்ளருக்கு 100 மில்லி பால். நாளைக்கு 200 மில்லி. ஆனால் அவர் வாங்குவதோ அரை லிட்டர் பாக்கெட். மீதி 300 மில்லி.

காலையிலும் மாலையிலும் காய்ச்சி வைத்தால் பால் தாங்கும் என்பது உண்மை. ஆனால் காலை 7 மணிக்குக் கிளம்பி, இரவு 8 மணிக்குத் திரும்புகிறவர் நடுவில் எப்படிக் காய்ச்சுவார்?

மாதக் கணக்கைப் பார்த்தால் திடுக்கிடும். அவர் வாங்குவது 30 பாக்கெட், அதாவது 15 லிட்டர். குடிப்பது 6 லிட்டர். மற்ற 9 லிட்டரும் வீண். அந்த 6 லிட்டருக்கு வேண்டிய பவுடர் முக்கால் கிலோதான்!

30 பாக்கெட் பாலின் விலை ஒரு பக்கம். முக்கால் கிலோ பவுடரின் விலை மறுபக்கம். அவரவர் கடை விலையைப் போட்டுப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்பது புரிந்துவிடும்.

மீதிப் பாலை உறை ஊற்றித் தயிராக்கிச் சாப்பிடுகிறவருக்கு இந்த நஷ்டம் கிடையாது. அவர் பாக்கெட் பாலையே தொடரலாம். தினமும் மிஞ்சுகிற பாலைக் கொட்டுகிறவருக்குத்தான் இந்த யோசனை.

கடையில் மூன்று ரகம்

பொடி வாங்கப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடை அலமாரியில் ஒரே மாதிரி வெள்ளைப் பொட்டலங்கள் இருக்கும். உள்ளே இருப்பது ஒன்றல்ல.

முதல் ரகம், அசல் பால் பவுடர். பாலில் உள்ள தண்ணீரை மட்டும் வற்ற வைத்தது. கொழுப்போடு இருப்பது ஒன்று, கொழுப்பு நீக்கியது ஒன்று. காப்பிக்குக் கொழுப்போடு இருப்பதே ருசி.

இரண்டாவது, 'டெய்ரி ஒயிட்னர்' என்று விற்கப்படுவது. இதுவும் பாலில் செய்ததே. ஆனால் பல வகைகளில் 18 சதவீதம் வரை சர்க்கரை கலந்திருக்கும். சர்க்கரையையும் பால் பவுடர் விலைக்கே வாங்குவதாகத்தானே அர்த்தம்? அந்தச் சர்க்கரையை நாமே கலந்தால் என்ன?

மூன்றாவது, 'கிரீமர்'. இதில் பல வகைகள் தாவர எண்ணெயும் குளுக்கோஸ் பாகும் சேர்த்துச் செய்தவை. காப்பியை வெளுப்பாக்கும், பால் ஆகாது. பொட்டலத்தின் பின்புறம் சின்ன எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

கலக்கும் முறை

வேண்டிய சாமான்கள்: கொழுப்பு நீக்காத பால் பவுடர் அரை கிலோ. சர்க்கரை 200 கிராம். ஈரம் இல்லாத, இறுக்கமான மூடி போட்ட பாட்டில் ஒன்று.

சர்க்கரையை மிக்சியில் போட்டுப் பொடியாக்கி, நன்றாக ஆற விட வேண்டும். சூட்டோடு கலந்தால் பவுடர் கட்டி பிடிக்கும். ஆறியதும் பால் பவுடரோடு சேர்த்து, இரண்டு முறை சலித்து, பாட்டிலில் அடைக்க வேண்டும். அவ்வளவுதான்!

இந்த 700 கிராம் கலவை 40 டம்ளர் காப்பிக்கு வரும். டம்ளருக்கு ஏறக்குறைய நாலு தேக்கரண்டி, குவித்து. தேக்கரண்டி அளவு வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே 40 டம்ளர் என்ற கணக்கை மனதில் வைத்து, கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். மூன்று பேர் தங்கும் அறையில், ஆளுக்கு இரண்டு டம்ளர் என்றால் ஒரு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒருவருக்கு 20 நாள் ஓடும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சர்க்கரை சேர்க்காமல் பவுடரை மட்டும் பயன்படுத்தலாம். டம்ளருக்கு மூன்று தேக்கரண்டி போதும். ஆனால் பாலிலேயே இயற்கையான இனிப்பு உண்டு என்பதை அவர்கள் மறக்கக் கூடாது.

கட்டி தட்டாமல் இருக்க

பவுடர் காப்பி என்றதும் பலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் பவுடர் அல்ல, கரைக்கும் விதம். கொதிக்கும் தண்ணீரில் பவுடரைக் கொட்டினால் வெளிப்புறம் உடனே பசையாகி, உள்ளே மாவு மாவாக நின்றுவிடும்.

முதலில் டம்ளரில் பொடியைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு தேக்கரண்டி விட்டு, தோசை மாவு பதத்துக்குக் குழைக்க வேண்டும். கலவையில் சர்க்கரை இருப்பதால் பொடி சீக்கிரம் பிரிந்து கரையும். பிறகு சுடு தண்ணீரை, எல்லாம் சேர்ந்து 100 மில்லி வரும்படி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கடைசியில் சூடான டிகாக்‌ஷன். டவராவில் இரண்டு ஆற்று ஆற்றினால் நுரை தானாக வரும்.

தண்ணீர் கொதித்து இறக்கியதாக இருக்க வேண்டும். கரைத்த பால், கறந்த பாலைப் போலவே கெடும். ஆகவே அந்தந்த வேளைக்கு மட்டுமே கரைக்க வேண்டும். கரைத்து வைத்துவிட்டு மாலையில் குடிக்கலாம் என்று நினைக்கக் கூடாது.

மழைக்காலம் ஜாக்கிரதை!

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரம். பொடிக்கு அதுதான் எதிரி. ஈரக் கரண்டி ஒருமுறை உள்ளே போனால் போதும், கட்டி விழும். அடுப்புக்குப் பக்கத்தில் பாட்டிலை வைத்தால் சூட்டில் கொழுப்பு கெட்டு, சிக்கு வாடை வரும். பொடி மஞ்சள் பாய்ந்தாலோ, வாடை மாறினாலோ தயங்காமல் எறிந்துவிட வேண்டும். மழை மாதங்களில் அரை கிலோவுக்குப் பதில் கால் கிலோவாக வாங்கிக் கலப்பதே புத்திசாலித்தனம்.

குடும்பங்களுக்குச் சுண்டிய பால்

குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளுக்கு வேறொரு வழி. ஒரு லிட்டர் பாலை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே அரை லிட்டராகச் சுண்ட வைக்க வேண்டும். இறக்கும்போது நாலு மேஜைக்கரண்டி சர்க்கரை. ஆறியதும் பாட்டிலில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தால் மூன்று நான்கு நாள் இருக்கும். பாதி சுண்டிய பால், பாதி சுடு தண்ணீர். காப்பி தயார். பத்து டம்ளருக்கு வரும்.

இதில் காஸ் செலவு உண்டு. ஆகவே இது காசை மிச்சப்படுத்தும் வழி அல்ல, நேரத்தை மிச்சப்படுத்தும் வழி. ஞாயிற்றுக்கிழமை சுண்ட வைத்தால், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாரத் தொடக்கக் காலைகளில் பாலுக்குக் காவல் நிற்கும் வேலை இல்லை.

டப்பாவில் விற்கும் இனிப்புக் கட்டிப் பால் போல இது மாதக் கணக்கில் நிற்காது. டப்பாப் பாலில் ஏராளமான சர்க்கரையும், காற்றுப் புகாத அடைப்பும் சேர்ந்துதான் அதைக் காக்கின்றன.

குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தக் கலவையையோ, ஒயிட்னரையோ, கிரீமரையோ, இனிப்புக் கட்டிப் பாலையோ கரைத்துப் புட்டியில் கொடுக்கவே கூடாது. வெள்ளையாக இருப்பதெல்லாம் குழந்தைக்குப் பால் ஆகிவிடாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தாய்ப்பால் போதவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் டாக்டர். மளிகைக் கடை அல்ல. சிக்கனம் பெரியவர்களின் டம்ளரோடு நிற்கட்டும்.

பவுடருக்கும் மும்பைக்கும் உறவு

'பவுடர் காப்பியா?' என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பால் பவுடரும் மும்பையும் நெருங்கிய உறவு!

அன்றைய பம்பாயில் பால் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கோரேகாவில் ஆரே பால் பண்ணைக் குடியிருப்பு 1949-ல் உருவானது. நகரின் பால் வினியோகத்தை நடத்திய தாரா குரோடி, கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில், கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் தண்ணீரையும் சேர்த்துப் பெருக்கினார். அதுவே 'டோன்ட் மில்க்' ஆயிற்று. இன்று பாக்கெட்டில் அதே பெயரில் வரும் பாலில் 3 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி.

இன்னொரு பக்கம் குஜராத்தின் ஆனந்த். அங்கிருந்து பம்பாய்க்குப் பால் வந்துகொண்டிருந்தது. குளிர்காலத்தில் எருமைகள் அதிகம் கறக்கும். அந்த உபரிப் பாலைப் பம்பாய் வாங்கிக்கொள்ள முடியவில்லை. விவசாயிகள் தவித்தார்கள். அதைப் பவுடராக்குவது என்று முடிவாயிற்று. எருமைப் பாலில் பவுடர் செய்ய முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கையை விரித்தபோது, எச்.எம். தலயா என்ற என்ஜினீயர் செய்து காட்டினார். 1955-ல் ஆனந்தில் பவுடர் தொழிற்சாலை வந்தது. குரோடியும், ஆனந்தின் திரிபுவன்தாஸ் படேலும், வர்கீஸ் குரியனும் 1963-ல் மகசேசே விருதைச் சேர்ந்தே பெற்றார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக, மிஞ்சிய பாலை வீணாக்காமல் இருக்கப் பிறந்ததுதான் பவுடர். அன்று விவசாயியின் வீட்டில் மிஞ்சியது. இன்று அறைவாசியின் பாத்திரத்தில் மிஞ்சுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே.

ஊரில் அம்மா கையால் குடித்த கறந்த பால் காப்பிக்கு இது ஈடாகுமா? ஆகாது. ஆனால் ரெயில் பிடிக்க ஓடும் முன், தன் பில்டரில் இறங்கிய டிகாக்‌ஷனில், தன் கையால் ஆற்றிய ஒரு டம்ளர் காப்பி நிச்சயம் கிடைக்கும். கொட்டாத பாலின் காசு, மாதக் கடைசியில் ஊருக்கு அனுப்பும் பணத்தோடு சேரும்.