வட்டார இசையும் வலையொலியும்

ஓர் ஊரில் நான்கு இளைஞர் ஒன்றுகூடி இசைக்குழு ஒன்றை அமைக்கின்றனர். பாட்டை அவர்களே எழுதுகின்றனர்; மெட்டையும் அவர்களே அமைக்கின்றனர். வார இறுதியில் ஏதேனும் ஒரு மண்டபத்திலோ உணவுக்கடையின் மேல்மாடியிலோ ஐம்பது அறுபது பேர் முன்னிலையில் பாடிவிட்டு, கருவிகளைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகின்றனர். இசைத்தட்டு நிறுவனம் எதுவும் அவர்களைத் தேடி வருவதில்லை. நாட்டு வானொலி அவர்களின் பெயரை அறியாது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒருவர் வேலை கிடைத்து வெளியூர் செல்வார், மற்றொருவர்க்குத் திருமணம் ஆகும், குழு கலையும்.

இத்தகைய குழுக்களை ஆங்கிலேயர் ‘கையொப்பமிடாத குழுக்கள்’ என்று வழங்குவர். நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளாதவை என்பது கருத்து. சொல் சிறிது ஏமாற்றுகின்றது. கையொப்பமிட மறுத்தவர்கள்போலத் தோன்றச் செய்கின்றது. உண்மையில் அவர்களுள் பெரும்பாலோர்க்கு ஒப்பமிடுமாறு எவரும் ஒரு தாளை நீட்டியதே இல்லை.

இவர்களது இசை ஊரின் எல்லையைக் கடப்பது எங்ஙனம்? வேறு சிலருடைய நலம் காக்க எழுப்பப்பட்ட வேலியே இவர்களுக்கு இருமுறை வாயிலாக அமைந்தது. முதன்முறை வானொலியில், இரண்டாம் முறை வலையொலியில்.

ஊசி நேரம்

பி.பி.சி.யின் ரேடியோ 1 என்னும் ஒலிவரிசை 1967ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புவரை, கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து உரிமமின்றி ஒலிபரப்பிய நிலையங்கள் பிரிட்டிஷ் இளைஞரைக் கவர்ந்து வந்தன. அவற்றுள் ஒன்றாகிய ரேடியோ லண்டனில் பணியாற்றிய ஜான் பீல் என்பவர் ரேடியோ 1க்கு வந்து சேர்ந்தார். 2004ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25ஆம் நாள் பெரு நாட்டில் காலமாகும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

அந்நாளில் பி.பி.சி. தான் விரும்பிய அளவுக்கு இசைத்தட்டுகளை ஒலிபரப்ப இயலாது. தட்டே எந்நேரமும் சுழலுமாயின் நேரில் வாசிக்கும் கலைஞர்களின் பிழைப்பு என்னாகும் என்று இசைக்கலைஞர் சங்கம் கேட்டது. இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் தத்தம் வணிகக் கவலை இருந்தது. ஆகவே ஒரு நாளில் இத்தனை மணி நேரமே இசைத்தட்டு ஒலிக்கலாம் என்று உடன்படிக்கை செய்துகொண்டனர். தட்டின்மேல் ஊசி ஓடும் நேரம் என்பதனால் இதற்கு ‘ஊசி நேரம்’ என்றே பெயர். 1988ஆம் ஆண்டுவரை இக்கட்டுப்பாடு நிலைத்திருந்தது.

எஞ்சிய நேரத்தை நிரப்புவதற்குக் குழுக்களைத் தன் ஒலிப்பதிவுக்கூடத்துக்கே அழைத்துப் பாடச் செய்வதைத் தவிர பி.பி.சி.க்கு வேறு வழியில்லை. ஒரு குழு மெய்டா வேல் கூடத்துக்கு வரும். பெரும்பாலும் நான்கு பாட்டை ஒரே நாளில் பதிவு செய்யும். சங்கம் வகுத்த ஊதியத்தைப் பெற்றுச் செல்லும். பாடுவதற்கு வருவோர் இசைத்தட்டு வெளியிட்டவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை அல்லவா? இந்த இடைவெளியைப் பீல் நன்கு பயன்படுத்திக்கொண்டார். அவருடைய நிகழ்ச்சிக்காக 4,000க்கு மேற்பட்ட பதிவுகள் நடைபெற்றன.

சூசியும் பான்ஷீஸ் குழுவினரும் 1977ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பீலுக்காகப் பாடியபோது அவர்களுக்கு எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லை. அடுத்த ஆண்டின் நடுவில் பாலிடோர் நிறுவனம் அவர்களை ஏற்றுக்கொண்டது. வட அயர்லாந்தின் டெர்ரி நகரைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களாகிய அண்டர்டோன்ஸ் குழுவின் வரலாறு இன்னும் சுவையானது. அவர்களின் ‘டீனேஜ் கிக்ஸ்’ என்னும் பாட்டை, பெல்பாஸ்ட் நகரில் இசைத்தட்டுக் கடை நடத்திய டெர்ரி ஹூலி என்பவர் 1978ஆம் ஆண்டில் தம் சிறு முத்திரையின்கீழ் வெளியிட்டார். தட்டு அஞ்சலில் பீலிடம் சென்றது. அவர் அதனை ஒலிபரப்பி, முடிந்தவுடன் மறுபடியும் ஒருமுறை ஒலிபரப்பினார். சில வாரங்களில் அமெரிக்க நிறுவனமொன்று அக்குழுவோடு ஒப்பந்தம் செய்தது. பீலின் கல்லறைக் கல்லில் அப்பாட்டின் ஓர் அடி பொறிக்கப்பட்டுள்ளது.

இதில் ஒரு குறையும் உண்டு. நாடு முழுவதுக்கும் ஒரு பீல்தான். டெர்ரியிலிருந்து அஞ்சலில் சென்ற தட்டு அவர் மேசையில் பிற நூறு தட்டுகளோடு கிடந்தது. அவர் காதில் விழாத ஊரின் இசை விழாததுதான்.

விதைப்பும் விநியோகமும்

பீல் மறைந்த அதே 2004ஆம் ஆண்டில் ‘பாட்காஸ்ட்’ என்னும் சொல் பிறந்தது. பிப்ரவரித் திங்களில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் அது முதன்முதல் அச்சேறியது. ‘பாட்’ என்பது ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் கருவியைக் குறிப்பது. ‘காஸ்ட்’ என்பது ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதி. அச்சொல்லோ முதலில் உழவர் விதையைக் கையால் அள்ளி வீசுதலைக் குறித்தது. வானொலிக்கு அவ்வுவமை பொருந்தும். விதை எங்கே விழுந்தது என்பதை வீசியவர் அறியார். வலையொலி விதைப்பு அன்று. சந்தா கட்டியவர் வீட்டு வாயிலில் விடியற்காலையில் நாளிதழ் வந்து விழுவதையே அது ஒத்திருக்கிறது. ஐபாட் விற்பனை 2022ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது; பெயர் மட்டும் நின்று நிலைத்தது.

அதன் இயக்கம் மிக எளியது. நிகழ்ச்சி நடத்துவோர் தம் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து ஒலிக்கோப்பு ஒன்றாக்கி, இணையத்தில் ஓரிடத்தில் வைக்கின்றனர். எம்பி3 வகையில் இயல்பான தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு ஏறத்தாழ 1 மெகாபைட் இடம் பிடிக்கும். அரைமணி நிகழ்ச்சிக்கு 30 மெகாபைட் போதும். அத்துடன் ஓடை எனப்படும் சிறிய பட்டியல் ஒன்றும் வைக்கப்படும். நிகழ்ச்சியின் தலைப்பு, நாள், ஒலிக்கோப்பின் முகவரி ஆகியவை அதில் இருக்கும். கேட்போரின் கைப்பேசி அப்பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்க்கும். புதிய வரி இருப்பின் ஒலியைத் தானே இறக்கிக்கொள்ளும். இப்பட்டியலோடு ஒலிக்கோப்பை இணைக்கும் முறையை டேவ் வைனர் என்பவர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் வகுத்தார். எம்டிவி தொலைக்காட்சியின் முன்னாள் அறிவிப்பாளர் ஆடம் கரி 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் தம் நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2005ஆம் ஆண்டு ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலிக்கு இடந்தந்தது. அதன் பின்னர் ஒலிவாங்கி ஒன்றும் கணினி ஒன்றும் உடைய எவரும் தம் ஊருக்குத் தாமே பீலாக இருக்கலாம் என்ற நிலை உருவாயிற்று.

இசைவு தருவோர் யார்?

இங்கேதான் இரண்டாவது வேலி குறுக்கிடுகிறது. பதிவு செய்யப்பட்ட ஒரு பாட்டில் இருவகை உரிமைகள் உள்ளன. சொல்லும் மெட்டும் இயற்றியவர்க்கு உரியவை; அவர் அதனைப் பதிப்பாளரிடம் ஒப்படைத்திருக்கவும் கூடும். பதிவாகிய ஒலியோ, பதிவுக்குப் பணம் போட்ட நிறுவனத்துக்கு உரியது. வானொலி நிலையங்கள் இதற்காகப் பாட்டுக்குப் பாட்டு இசைவு கேட்டுக்கொண்டிருப்பதில்லை. மலேசியாவில் 1989ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டிலும் அமைந்த இசையமைப்பாளர் பாடலாசிரியர் சங்கங்களைப் போன்ற அமைப்புகளிடம் மொத்தமாகத் தொகை செலுத்தி உரிமம் பெறுகின்றன.

வலையொலிக்கு அவ்வுரிமம் போதாது. வானொலியில் பாட்டு காற்றோடு வந்து காற்றோடு போய்விடுகிறது. வலையொலியிலோ கேட்போர் ஒவ்வொருவர் கருவியிலும் ஒரு படி தங்குகிறது. ஆகவே படியெடுக்கும் உரிமையும் வேண்டும். அதனைப் பெறுவதற்கு நிறுவனம் நிறுவனமாக அலைதல் வேண்டும். பி.பி.சி.யே தன் இசை நிகழ்ச்சிகளை வலையொலியாக்கியபோது பாட்டுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி வைக்க நேர்ந்தது. தம் கைப்பணத்தில் நிகழ்ச்சி நடத்தும் தனிமனிதர் புகழ்பெற்ற பாடகர் ஒருவரின் பாட்டை முழுமையாக வைப்பது நடவாத செயல்.

ஒப்பந்தமில்லாத குழுவின் நிலை நேர்மாறானது. பாட்டும் அவர்களுடையது, பதிவும் அவர்களுடையது. நால்வரும் ஒப்பிய ஒரு கடிதம் போதும். புகழ்பெற்றோர் நுழைய முடியாத வாயிலில் இவர்கள் தடையின்றி நுழைந்தனர். ஊசி நேரம் விட்ட இடைவெளியில் முன்பு நிகழ்ந்ததும் இதுவே. அந்நாளில் ரேடியோ 1 அறிவிப்பாளராக இருந்த ஹியூ ஸ்டீபன்ஸ் ஒப்பந்தமில்லாத குழுக்களின் பாட்டுகளை மட்டும் கொண்ட வலையொலி ஒன்றை நடத்தியதற்கு இசையார்வத்தோடு இக்காரணமும் சேர்ந்திருந்தது எனலாம். ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் அமைப்பு 2002ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட பொது உரிமங்கள், கடிதப் போக்குவரத்தையும் குறைத்தன. இன்ன நிபந்தனையோடு எவரும் பயன்படுத்தலாம் என்று குழுவே தன் பதிவின்மேல் குறித்துவிடலாம்.

ஆயினும் இவ்வாயில் எல்லார்க்கும் திறந்தது என்று கருதுதல் பிழை. பிறர் பாட்டை ஒரு குழு பாடியிருப்பின் அதற்கு இசைவு தர அக்குழுவால் இயலாது. குழுவினர் மேற்சொன்ன சங்கங்களில் உறுப்பினராகிவிட்டால், பாட்டின் உரிமையில் ஒரு பகுதி சங்கத்தின் கைக்குச் சென்றுவிடும். பிறகு நண்பருக்குக்கூட இலவசமாகத் தர இயலாமற் போகலாம். குழுவை விட்டு விலகியவர் பாட்டை எழுதியதில் பங்கு கொண்டிருப்பின் அவர் இசைவும் வேண்டும். நட்பாக இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நன்று.

ஊரறிந்த குரல்

குழுக்கள் தம் பாட்டைத் தாமே இணையத்தில் ஏற்றலாமே, இடையில் இவர் எதற்கு என்று வினவலாம். ஏற்றலாம், ஏற்றுகின்றனர். கேட்பார்தாம் இல்லை. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, முந்திய 12 திங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பதிவுக்கு உரிமைத்தொகை வழங்குவதில்லை. 80 பேர் கொள்ளும் மண்டபத்தில் பாடும் குழுவுக்கு 1,000 என்பது சிறிய எண் அன்று.

வலையொலி நடத்துவோரின் பணி பாட்டைச் சேர்ப்பது மட்டும் அன்று. தேர்ந்தெடுப்பதும் அறிமுகம் செய்வதுமே ஆகும். இக்குழுவின் கிதார்க்காரர் முன்பு எக்குழுவில் இருந்தார், இப்பாட்டில் வரும் தெரு எது, அடுத்த சனிக்கிழமை எங்கே பாடுகின்றனர் என்பவற்றை உள்ளூர்க் குரலால்தான் சொல்ல இயலும். பாட்டு முடிந்த பின்னும் குழுவின் பெயரை மறுமுறை சொல்லுதல் இன்றியமையாதது. பேருந்தில் கேட்டுக்கொண்டு செல்பவர் தொடக்கத்தைத் தவறவிட்டிருப்பார். இந்தச் சிறு செயலில் பலர் தவறுகின்றனர். இருநூறு பேர் மட்டும் கேட்கும் நிகழ்ச்சி தோல்வியன்று; அவர்களுள் இருபதின்மர் சனிக்கிழமை மண்டபத்துக்கு வருவாராயின் குழுவுக்கு அதுவே பெரும்பயன்.

இப்பணி புதியதன்று, முன்பு தாளில் நடந்தது. சிங்கப்பூரில் 1985ஆம் ஆண்டில் பிலிப் சியா, மைக்கேல் சியா என்னும் உடன்பிறப்புகள் தொடங்கிய ‘பிக்ஓ’ என்னும் சிற்றிதழ் உள்ளூர்க் குழுக்களைப் பற்றித் தொடர்ந்து எழுதியது. 1990ஆம் ஆண்டில் குவோ பாவ் குன் நிறுவிய சப்ஸ்டேஷன் கலைமன்றத்தின் தோட்டத்தில் அத்தகைய குழுக்கள் பல பாடின. எஸ்பிளனேட் அரங்கில் 2002ஆம் ஆண்டு தொடங்கிய பேபீட்ஸ் இசைவிழாவுக்கு அதன் பின்னரே காலம் கனிந்தது. இதழைப் புரட்டினால் பெயர்கள் கிடைக்கும், ஒலி கிடைக்காது. வலையொலி அக்குறையை நீக்கியது.

அழிந்தனவும் மீண்டனவும்

தாளுக்கு உள்ள ஆயுள் ஒலிக்கோப்புக்கு இல்லை. வலையொலியை இணையத்தில் வைத்திருக்கத் திங்கள்தோறும் கட்டணம் செலுத்துதல் வேண்டும். நடத்துபவர் ஓய்ந்து கட்டணத்தை நிறுத்தினால் ஐந்தாண்டு நிகழ்ச்சிகளும் ஒரே நாளில் மறையும். அவற்றில் மட்டுமே ஒலித்த குழுக்களின் பாட்டும் உடன் மறையும். அச்சிட்ட நூலைத் தேசிய நூலகங்களில் ஒப்படைக்குமாறு பணிக்கும் பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், ஒலிப்பதிவு மட்டுமேயான படைப்பை விலக்கிவிடுகிறது. பெரிய நிறுவனங்களை நம்பலாம் என்பதற்கும் இல்லை. பி.பி.சி.யே பழைய ஒலிநாடாக்கள் பலவற்றை அழித்து அவற்றின்மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ததுண்டு.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிப்பட்டது. ஒப்பந்தமில்லாத குழுக்கள் ஒரு காலத்தில் திரண்டு தங்கள் பாட்டை வைத்திருந்த இடம் மைஸ்பேஸ். சர்வர் மாற்றத்தின்போது, 2015ஆம் ஆண்டுவரை தன்னிடம் ஏற்றப்பட்ட ஒலிக்கோப்புகள் கெட்டுப்போயின என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் கலைஞர்களின் 5 கோடிக்கு மேற்பட்ட பாட்டுகள் அழிந்தன என்று கணக்கிடப்பட்டது. பலர் வேறு படி வைத்திருக்கவில்லை. அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையில் வீட்டிலிருந்த குறுவட்டையும் கணினியையும் கழித்துவிட்டிருந்தனர்.

அடுத்த திங்களில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் மின்காப்பகம் ஏறத்தாழ 4,90,000 பாட்டுகளை மீட்டு வெளியிட்டது. நூற்றுக்கு ஒன்றும் தேறவில்லை. அவையும் யாரோ பாதுகாக்க எண்ணிச் சேர்த்தவை அல்ல. 2008ஆம் ஆண்டுக்கும் 2010ஆம் ஆண்டுக்கும் இடையில், இசைத் தொடர்புகளை ஆராய்ந்த கல்வியாளர் சிலர் தம் ஆய்வுக்காக இறக்கி வைத்திருந்த படிகள் அவை.

கேட்போர் கருவியில் படி தங்குகிறது என்பதுதானே வலையொலியின்மேல் உரிமையாளர்கள் கூறிய குறை? அந்தப் படியே இக்குழுக்களுக்குக் காப்பு. ஆனால் இன்றைய செயலிகள் பல, கேட்டு முடித்த நிகழ்ச்சியை இடமிச்சம் கருதித் தாமாகவே நீக்கிவிடுமாறு அமைக்கப்பட்டுள்ளன. இதனை உணர்ந்த நிகழ்ச்சி நடத்துவோர் சிலர், ஒவ்வொரு நிகழ்ச்சியின் படியையும் அதில் பாடிய குழுவினர்க்கே அனுப்பிவைக்கின்றனர். மற்றொரு படியை மின்காப்பகத்தில் ஏற்றி, குழுவின் பெயர், ஊர், பதிவான ஆண்டு ஆகியவற்றை எழுதி வைக்கின்றனர்.