முடிவில்லாத பத்தில் ஒன்று

பின்னத்தைத் தசமமாக மாற்றுவது சின்ன வகுப்புப் பாடம்தானே, அதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு 1-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.125 என்று மூன்றே இலக்கங்களில் மீதியின்றி முடிந்துவிடும். அடுத்து 1-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.142857142857... என்று போய்க்கொண்டே இருக்கும். ஏழுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

இதற்கு விடை ஈவில் இல்லை, மீதியில் இருக்கிறது. வகுக்கும்போது கிடைக்கும் மீதிகளை ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். 3, 2, 6, 4, 5, 1 என வரும். கடைசியாக வந்த 1, நாம் தொடங்கிய அதே 1 அல்லவா? இனி பழைய கதைதான் திரும்ப நடக்கும். ஏழால் வகுத்தால் மீதி ஏழுக்குக் குறைவாகத்தான் இருக்க முடியும். பூச்சியம் வந்தால் கணக்கு முடிந்துவிடும். மிஞ்சியவை 1 முதல் 6 வரையுள்ள ஆறு எண்களே. ஆகவே ஆறு படிகளுக்குள் முன்பு வந்த மீதி ஒன்று திரும்பி வந்தே தீர வேண்டும். 13 ஆனாலும் 97 ஆனாலும் இதே நியாயம்தான். பின்னத்தின் தசமம் ஒன்று முடியும், அல்லது சுழலும். மூன்றாவது வழி கிடையாது.

எது முடியும், எது சுழலும் என்பதை வகுக்காமலே சொல்லிவிடலாம். முடிகின்ற தசமம் என்பது 10, 100, 1000 போன்ற ஒரு பகுதியைக் கொண்ட பின்னமே. இந்த எண்களை உடைத்தால் 2-ம் 5-ம் தவிர வேறொன்றும் கிடைக்காது. எனவே பின்னத்தைச் சுருக்கிய பிறகு, பகுதியின் பகாக் காரணிகளில் 2, 5 மட்டுமே இருந்தால் தசமம் முடியும். 3, 7, 11 என வேறு ஏதாவது புகுந்துவிட்டால் சுழலும். 3/40 முடியும், 1/30 முடியாது.

நம் ஊர்ப் பழைய கணக்கர்கள் நிலத்தையும் நெல்லையும் கணக்கிடக் கீழ்வாய் இலக்கம் என்னும் பின்னங்களைப் பயன்படுத்தினார்கள். கால், அரைக்கால், வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) ஆகியவை அவற்றுள் சில. இவற்றின் பகுதிகளை உடைத்துப் பாருங்கள். எல்லாம் இரண்டும் ஐந்துமே! அவர்கள் தசமப் புள்ளி வைத்து எழுதியவர்கள் அல்லர். எழுதியிருந்தால் இவற்றில் ஒன்றுகூடச் சுழன்றிருக்காது. முந்திரிகூட 0.003125 என்று ஒழுங்காக முடிந்துவிடுகிறது.

ஆனால் இந்த விதி பின்னத்தின் குணத்தை மட்டும் சொல்வதன்று. நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. கணிப்பொறி எண்ணுவது இரண்டு இரண்டாக. அதனிடம் 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். அங்கே புள்ளிக்குப் பின் வரும் இடங்கள் 1/2, 1/4, 1/8, 1/16 எனப் பாதி பாதியாகக் குறையும். ஆகவே பகுதியில் 2 மட்டுமே இருக்கலாம். 5-க்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் நமக்கு 0.1 என்று எளிதாக முடிகிற பத்தில் ஒன்று என்ன ஆகும்? அதை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், புள்ளிக்கு முன் வரும் இலக்கத்தை மட்டும் எடுத்து எழுத வேண்டும். 0.2, 0.4, 0.8, 1.6 என்று வரும். 1-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் 0.6. அது 1.2 ஆகும். மறுபடியும் 1-ஐ எடுத்தால் மிச்சம் 0.2. இது முன்பே பார்த்த எண்ணாயிற்றே! ஆகவே 0.000110011001100... என்று அது முடிவின்றிச் சுழலும்.

கணிப்பொறியின் நினைவகத்திலோ இடம் அளவானது. எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். அப்படி வெட்டியதன் விளைவு 1991-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள் சவூதி அரேபியாவில் உள்ள தஹ்ரானில் தெரிந்தது. வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை ஒன்று அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 பேர் மாண்டனர். வரும் ஏவுகணையை வானிலேயே அழிக்க அங்கே பேட்ரியாட் என்ற எதிர் ஏவுகணை அமைப்பு இருந்தது. அது ஏவப்படவே இல்லை.

அந்த அமைப்பின் கடிகாரம் நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்குகளாக எண்ணி வந்தது. அந்த எண்ணிக்கையை நொடியாக்க 1/10-ஆல் பெருக்குவார்கள். அந்த 1/10, 24 இலக்கங்களுக்குள் அடங்குமாறு வெட்டப்பட்டிருந்தது. அதனால் ஒவ்வொரு துடிப்புக்கும் ஏற்பட்ட பிழை சுமார் 0.000000095 நொடி. இது ஒரு பிழையா என்று கேட்கத் தோன்றும். ஆனால் கருவி 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. 100 மணி நேரத்தில் 36,00,000 துடிப்புகள். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.34 நொடி! ஸ்கட் ஒரு நொடியில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் பறக்கக்கூடியது. அது வரும் என்று கருவி தேடிய இடம் அரை கிலோமீட்டருக்கும் மேல் விலகிப் போயிற்று. அங்கே ஒன்றும் தென்படவில்லை.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. நீண்ட நேரம் ஓடினால் குறி விலகுகிறது என்று இஸ்ரேலியர்கள் அதே மாதம் 11-ஆம் தேதியே தெரிவித்திருந்தார்கள். திருத்திய நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி, அதாவது மறுநாள். இடையில் கருவியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தாலே சேர்ந்திருந்த பிழை பூச்சியத்துக்கு வந்திருக்கும்.

பிழை சிறியதா என்று பார்த்தால் போதாது. அது எத்தனை முறை சேர்கிறது என்றும் கேட்க வேண்டும். நான் பாடம் நடத்தும் கல்லூரி ஆய்வகத்தில் தனி ஊசலின் 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை எடுத்து 20-ஆல் வகுக்கிறோம். அங்கே ஒரே பிழை இருபதாகப் பங்கிடப்பட்டுக் குறைகிறது. தஹ்ரானில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

கடிகாரம் 1/10-க்குப் பதில் 1/8 நொடிகளை எண்ணியிருந்தால்? 1/8 கணிப்பொறிக்கு 0.001 மட்டுமே, வெட்ட வேண்டிய வால் எதுவும் இல்லை. இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி ஆறையும் இரண்டடிமான முறையில் எழுதுங்கள். பத்தில் ஒன்றும் சுழலாத இவற்றுள் மூன்று அங்கே சுழலும். எந்த மூன்று?