மருந்தின் பெயரும் மக்கள் பேச்சும்

மொழி ஆராய்ச்சி என்றவுடன் ஏட்டுச் சுவடியும் இலக்கண நூலுமே பலருக்கு நினைவில் வருகின்றன. கடைத்தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் அதற்குள்ள வேலையைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

எங்கள் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். தலையிடி, காய்ச்சல் என்றால் மூவரும் கடையில் கேட்பது ஒரே சொல்லைத்தான்: பனடோல். அது ஒரு வியாபாரப் பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பரசிட்டமோல். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்று பள்ளியில் படித்தோம். ஏறத்தாழ அதுபோலவே, ஒரு குளிசையின் விற்பனைப் பெயர் அந்த மருந்து முழுவதற்கும் ஆகிவிட்டது. சிறிய சொல், எந்த மொழிக்காரரின் நாவிலும் இலகுவாகப் புரளும் ஒலி, ஓயாத விளம்பரம். இவை மூன்றும் சேர்ந்தால் ஒரு பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது நல்ல சான்று.

இதில் ஓர் இடர் உண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த கடதாசி உறையில் ‘பரசிட்டமோல்’ என்று எழுதியிருக்கும். வீட்டு அலுமாரியில் பனடோல் இருக்கும். இரண்டும் ஒன்றே என்று அறியாதவர் இரண்டையும் போட்டுக்கொள்வார். 500 மில்லிகிராம் குளிசையில், வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் ஈரல் பழுதடையும். டெங்குக் காய்ச்சலோ தானாகவே ஈரலைத் தாக்கக்கூடியது. 2017 இல் இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதையும், அவ்வாண்டு மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டையும் நம் மாவட்டத்தவர் மறந்திருக்க மாட்டார்கள்.

1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளைப் பொதுப்பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டும் என்று பாடுபட்டவர். நாட்டின் செலவைக் குறைத்த பெரும்பணி அது. ஆயினும் பரசிட்டமோல் என்ற பொதுப்பெயர் மருந்துச் சிட்டையில் ஏறிய அளவுக்கு மக்கள் வாயில் ஏறவில்லை.

மக்கள் மொழியில் வைத்தியம் பேசவேண்டும் என்பது நமக்குப் புதிய எண்ணமல்ல. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்தில் தமிழைக் கற்று, மாணவருக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்தார். வைத்திய நூல்களையும் தமிழாக்கினார். இன்று நம் அறிவித்தல்கள் தமிழில்தான் வருகின்றன. ஆனால் அது எத்தகைய தமிழ்? “நீர் தேங்கக்கூடிய கொள்கலன்கள் அகற்றப்படல் வேண்டும்.” இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அகற்றவேண்டியவர் யார்? செயப்பாட்டு வினைக்குள் வினைமுதல் மறைந்துவிட்டது. கொள்கலன் என்ற சொல்லைக் கேட்டு எந்தப் பொருளும் கண்முன் வருவதில்லை. “சிரட்டை, பழைய டயர், யோகட் கோப்பை, கரையில் ஏற்றிய வள்ளம் எல்லாவற்றையும் பாருங்கள், தண்ணீர் நின்றால் உடனே ஊற்றிவிடுங்கள்” என்றால் கேட்பவரின் கண் தன் முற்றத்துக்கே போகும்.

பேச்சிலும் இப்படித்தான். மருந்து கொடுப்பவர் “விளங்கினதா?” என்று கேட்டால் எவரும் “ஓம்” என்றே சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்லும் ஓம். “வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடப்போறீங்க அம்மா? சொல்லுங்க பாப்பம்” என்று கேட்டால்தான் விளங்கியதும் விளங்காததும் வெளியே வரும்.

விளம்பரம் பரப்பிய பெயரை மக்கள் வாயிலிருந்து பறிக்க முடியாது, பறிக்கவும் வேண்டாம். அதையே துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். மருந்து உறையை நீட்டும்போது, “இதுவும் பனடோலும் ஒன்றுதான், வீட்டில் இருக்கிறதைச் சேர்த்துப் போடாதீங்க” என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ஒரு நிமிடமும் செல்லாது. அதனால் ஓர் ஈரல் தப்பும்.